‘மக்கும் பை’ நம் வீட்டு உரத் தொட்டியில் மக்குமா? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மொட்டை மாடியில் தோட்டம் போடுகிற சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி விதை மாற்றிக்கொள்கிறோம். வெண்டை விதை வாங்க வருகிறவர்கள்கூட, பேச்சுவாக்கில் கைப்பைக்குள்ளிருந்து கசங்கிய பச்சைப் பை ஒன்றை எடுத்து நீட்டி, “இதை உரத் தொட்டியில போடலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நின்ற இடத்தில் ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டு போனதால் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அக்கா, பையிலயே “மக்கும்”னு போட்டிருக்கு. அப்போ என் தொட்டியிலயும் மக்கும்தானே?

பெரும்பாலும் மக்காது. அச்சடித்திருப்பது பொய் இல்லை. எங்கே மக்கும் என்பதைத்தான் பெரிய எழுத்தில் போடவில்லை. நம் நாட்டில் இந்தப் பைகளுக்கான தர அளவு ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088. ஐரோப்பாவில் இதற்கு இணையானது ஈ.என். 13432. இரண்டுமே பெரிய உரக்கூடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சோதனைக்கூடத்தில் சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஈரம் குறையாமல் வைத்துப் பார்க்கிறார்கள். 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்காத அளவுக்குப் பத்தில் ஒன்பது பங்கு உதிர வேண்டும். 6 மாதத்துக்குள் அதிலுள்ள கரியில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும்.

மாதக்கணக்கில் 58 டிகிரி. நம் வீட்டு மண்தொட்டி அந்தச் சூட்டை ஒரு நாள்கூட எட்டுவது அபூர்வம்.

பாத்தா பிளாஸ்டிக் மாதிரியே இருக்கு, ஆனா பிளாஸ்டிக் இல்லைங்கறாங்க. இது என்னதான்?

பிளாஸ்டிக்தான். மூலப்பொருள் மட்டும் வேறு. கண்ணாடி போலத் தெரியும் ஜூஸ் டம்ளர் பெரும்பாலும் பி.எல்.ஏ. என்ற பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. மக்காச்சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ புளிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுப்பார்கள். தயிருக்குப் புளிப்பு தருகிறதே, அதே அமிலம்தான். அதைச் சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. கையில் மெத்தென்று இருக்கும் காய்கறிப் பை பி.பி.ஏ.டி. என்ற பொருளோடு மாவோ பி.எல்.ஏ.வோ கலந்தது. இந்த பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது, ஆனாலும் மக்கும்.

இதற்கு நேர்மாறான சரக்கும் உண்டு. பிரேசிலில் கரும்பிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். செடியிலிருந்து வந்ததுதான், ஆனால் சாதாரணப் பாலித்தீன் போலவே மக்காமல் கிடக்கும். அதனால் ‘செடியிலிருந்து செய்தது’ என்று அட்டையில் பார்த்தால், அது எதிலிருந்து வந்தது என்ற சேதி மட்டும்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. எங்கே போய்ச் சேரும் என்பது வேறு சேதி.

அது என்னங்க 58 டிகிரி கணக்கு? 40ல மக்கக் கூடாதா?

ஒரு பி.எல்.ஏ. டம்ளரில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிப் பாருங்கள். கையில் பிடிக்காமல் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து ஊற்றுங்கள். வாய் விளிம்பு சுருண்டு, டம்ளர் வாடின பூசணிப் பூ மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். பி.எல்.ஏ. இறுக்கம் விட்டு இளகுவது 55 முதல் 60 டிகிரிக்குள். அந்தச் சூட்டில்தான் சங்கிலிகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. துண்டுகள் சின்னதான பிறகே நுண்ணுயிர்கள் வாய் வைக்க முடியும். சூடு குறைந்தால் முதல் வேலையே நடக்காது, பின்னால் வர வேண்டியவை வெறுமனே காத்திருக்கும்.

மாவும் பி.பி.ஏ.டி.யும் கலந்த பை இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. 30 டிகிரியிலும் மெல்ல நகரும். மெல்ல என்றால் ரொம்ப மெல்ல.

சேலத்து வெயிலுக்கு எங்க மொட்டை மாடியே தோசைக்கல்லு மாதிரி இருக்கு. அந்தச் சூடு பத்தாதா?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு என் தொட்டியில் நீளக் கம்பி வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். ஓரத்தில் 45க்குப் பக்கம், நடுவில் 39. மறுநாள் விடிகாலையில் நடுவிலும் 31தான். பகலில் ஏறுவது இரவில் இறங்கிவிடுகிறது.

இன்னொரு சிக்கல், வெயில் தரும் சூடு ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். மேலே சொன்ன வெட்டு வேலைக்குத் தண்ணீர் வேண்டும். காய்ந்த தொட்டியில் பை மட்டுமா, வாழைப்பழத் தோலே மக்காமல் கருவாடாகக் கிடக்கும். மக்கவைக்கும் சூடு உள்ளிருந்து, நுண்ணுயிர்கள் தின்று மூச்சு விடுவதில் வருவது. அந்தச் சூடு வெளியே போகாமல் நிற்க, குவியல் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். இருபது லிட்டர் பெயின்ட் வாளிக்கு அந்த உடம்பு இல்லை.

அப்போ ஏற்காட்டு குளிருக்கு அறவே மக்காதுன்னு சொல்லுங்க.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் என் சித்தப்பா சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் பார்க்கிறார். தை மாதம் போனபோது பனி இறங்கி எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. களத்துக்குப் பின்னால் காப்பிப் பழத் தோல், மாட்டுச் சாணம், சில்வர் ஓக் சருகு எல்லாம் மார்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. சித்தப்பா ஒரு கடப்பாரையை நடுவில் செருகிவிட்டு, “பத்து நிமிசம் கழிச்சு உருவிப் புடி பாப்போம்” என்றார். உருவினேன், பிடிக்க முடியவில்லை. வெப்பமானி 62 காட்டியது.

வெயில் ஊரில் சின்னத் தொட்டி ஆறிக் கிடக்கிறது, குளிர் மலையில் பெரிய குவியல் கொதிக்கிறது. ஆனால் ஏற்காட்டில் வீட்டு வாசலில் வாளி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய வாளி நம்முடையதைவிட இன்னும் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

இதெல்லாம் நீங்களே போட்டுப் பாத்ததா, இல்ல படிச்சதைச் சொல்றீங்களா?

இரண்டும். பொங்கல் முடிந்த வாரம் வெங்காய மூட்டை வலையில் நாலு சாமான் போட்டுக் கட்டி மாடித் தொட்டியின் நடுவில் புதைத்தேன்: பாக்கு மட்டைத் தட்டில் பாதி, கரும்புச் சக்கைக் கிண்ணம் ஒன்று, 17088 முத்திரை போட்ட காய்கறிப் பை ஒன்று, பி.எல்.ஏ. டம்ளர் ஒன்று. சித்திரை பிறந்ததும் அவிழ்த்தேன். கிண்ணம் இருந்த அடையாளமே இல்லை. பாக்கு மட்டையில் மடிப்பு விளிம்பு மட்டும் நாராக மிச்சம். பை இருந்தது. அங்கங்கே ஓட்டை, இழுத்தால் ஈரத்துணி மாதிரி நீண்டு அப்புறம் கிழிந்தது. டம்ளரைக் குழாயடியில் கழுவினேன். அடியில் இருந்த எண்ணைப் படிக்க முடிந்தது. மோர் ஊற்றிக் கொடுத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மறுபடி கட்டிப் புதைத்து, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் எடுத்தேன். பை உள்ளங்கை அளவுத் துண்டுகளாகியிருந்தது. டம்ளர் டம்ளராகவே இருந்தது.

அதே தை மாதம் இன்னொரு டம்ளரை ஏற்காட்டுக் குவியலின் நடுவே வைத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டரை மாதம் கழித்துச் சித்தப்பா எடுத்து வைத்திருந்தது வெள்ளை வெளேரென்று வெளிறி, சுருங்கி, அப்பளம் மாதிரி விரலுக்குள் நொறுங்கியது. ஆனால் குவியலைப் புரட்டியபோது ஓரத்துக்கு ஒதுங்கிவிட்ட மூடி மட்டும் அப்படியே இருந்தது.

நம்ம ஊரு மரவள்ளி மாவுல செஞ்ச பைன்னு கடைக்காரர் சத்தியம் பண்றார். ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கரைஞ்சிடாதா?

ஜவ்வரிசி, மரவள்ளி மாவு ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். வெறும் மரவள்ளி மாவில் தாள் செய்யலாம், அது வெந்நீரில் குழையவும் செய்யும். ஆனால் அதில் அரைக் கிலோ தக்காளி வாங்கி வர முடியாது. ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் அப்பளமாக உடையும். சுமை தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் முன்னே சொன்ன பி.பி.ஏ.டி. போன்றதைக் கலக்கிறார்கள்.

தொட்டியில் போட்டதும் நுண்ணுயிர்கள் மாவைத்தான் முதலில் தின்னும். சாதத்தை உண்டுவிட்டுக் கறிவேப்பிலையை ஒதுக்குகிற பிள்ளைகள் மாதிரி. மாவு போன இடமெல்லாம் ஓட்டை. சித்திரையில் நான் பார்த்த ஓட்டைகளும் அப்படி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். பை பலம் இழந்துவிட்டது, மக்கி முடியவில்லை.

மண்புழுத் தொட்டி வச்சிருக்கேன். புழு தின்னுடுமா?

தின்னாது. புழுவுக்கு இதமான சூடு 25 முதல் 30 டிகிரி. 58க்குப் போனால் புழுவே இருக்காது. பாக்கு மட்டையை ஊறவைத்துக் கிழித்துப் போடுங்கள், அதைச் சந்தோஷமாகச் சாப்பிடும்.

பையைக் கத்திரியால பொடிப் பொடியா வெட்டிப் போட்டா சீக்கிரம் போயிடும்ல?

இந்தத் தப்பை நானே செய்தேன். இரண்டு பைகளை விரல் நக அளவுக்கு வெட்டித் தொட்டியில் தூவினேன். நாலு மாதம் கழித்து உரம் நன்றாகக் கறுத்து, மழை பெய்த மண் வாசனையோடு இருந்தது. சலிக்காமல் தக்காளித் தொட்டிகளில் போட்டுவிட்டேன். முதல் தண்ணீர் ஊற்றியதும் பச்சைத் துண்டுகளெல்லாம் மேலே வந்து நின்றன. ஐப்பசி மழை முடிகிறவரை காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைப் பொறுக்குவதே வேலையாக இருந்தது.

வெட்டினால் பரப்பு கூடும், அதனால் கொஞ்சம் வேகம் கூடலாம். ஆனால் தொட்டியின் சூடு கூடிவிடாது. முழுப் பையாகப் போட்டிருந்தால் ஒரே இழுப்பில் எடுத்திருக்கலாம்.

புளிச்ச மோர், வெல்லத் தண்ணி, சாணிக் கரைசல் ஊத்தினா?

காய்கறிக் கழிவுக்கு மூன்றும் நல்லது. நான் சாணிக் கரைசலோடு நிறுத்திக்கொள்வேன். பி.எல்.ஏ.வுக்கு நுண்ணுயிர் பற்றாக்குறை இல்லை, சூடுதான் பற்றாக்குறை. மோரை நீங்கள் குடித்துவிடுங்கள்.

“வீட்டு உரத்திலும் மக்கும்”னு தனி முத்திரை போட்டது வருதாமே, அதை நம்பலாமா?

அப்படித் தனி அளவுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஏ.எஸ். 5810, பிரான்ஸில் என்.எஃப். டி51-800. 20 முதல் 30 டிகிரிக்குள் வைத்து, ஆறு மாதத்தில் உதிர்கிறதா, ஒரு வருடத்தில் 90 சதவீதம் மக்குகிறதா என்று பார்க்கிறார்கள். நம் தொட்டிக்கு இதுதான் சரியான பரீட்சை. நான் கடைகளில் பார்க்கிறவற்றில் பெரும்பாலும் 17088 மட்டுமே இருக்கிறது. இரண்டும் ஒன்றில்லை.

முத்திரை இருந்தாலும் நாள்குறித்து எதிர்பார்க்க வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் பிரிட்டனில் பொதுமக்களைக் கொண்டு அவரவர் வீட்டு உரத்திலேயே இந்த மாதிரிப் பொருட்களைப் போடவைத்துப் பார்த்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டு உரத்துக்கென்றே சான்று பெற்றவற்றில்கூட 60 சதவீதம் முழுதாக உதிரவில்லை. சோதனைக்கூடத்தில் ஈரமும் காற்றும் ஒரே சீராக இருக்கும். நம் வீட்டிலோ மகளின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் பத்து நாள் தொட்டியை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

கடையில தர்றது அசலா போலியான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் அச்சைப் பாருங்கள். உற்பத்தியாளர் பெயர், 17088 என்ற எண், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண் மூன்றும் இருக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை வந்த பிறகு, வெறும் பச்சை நிறமும் ஒரு இலைப் படமும் போட்டே விற்கப்படுகிற பைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

வீட்டில் செய்ய ஒரு சோதனை: பையில் விரல் நக அளவு வெட்டி, குமிழி ஒட்டாமல் தண்ணீருக்குள் அமுக்கி விடுங்கள். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பி.எல்.ஏ.வும் பி.பி.ஏ.டி.யும் கனம், மூழ்கும். மிதந்தால் சந்தேகமே வேண்டாம், அது மக்குகிற ஜாதி இல்லை. மூழ்கினால் மட்டும் அசல் என்று சொல்ல முடியாது, சுண்ணாம்புப் பொடி கலந்த பாலித்தீனும் மூழ்கும். மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விட்டுக் கருநீலம் வந்தால் மாவு இருக்கிறது என்று அர்த்தம். இதுவும் முழுச் சான்று இல்லை, சாதாரணப் பாலித்தீனிலும் மாவைக் கலக்க முடியும். கொளுத்தி முகர்ந்து பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

அலமாரியில ஒரு வருஷம் இருந்த பை தானா பொடிஞ்சு போச்சு. அது மக்குனதுதானே?

பொடிவது வேறு, மக்குவது வேறு. மாவு கலந்த பை பழையதானால் முறுகி உடையும், அது ஒன்று. இன்னொன்று மோசமான வகை: சாதாரணப் பாலித்தீனில் ஒரு உப்பைக் கலந்து, வெயிலும் காற்றும் பட்டால் நொறுங்கும்படி செய்தது. ஆக்ஸோ வகை என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தூளாகும், ஆனால் தூளும் பாலித்தீன்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் போட்ட சட்டத்தில் இந்த வகையையே தடை செய்துவிட்டது.

90 சதவீதம் மக்கும்னா, மீதி 10 சதவீதம் பிளாஸ்டிக்காவே நின்னுடுமா?

ஒரு வேதியியல் ஆசிரியை கேட்டது, நல்ல கேள்வி. முதல் பதிலில் சொன்ன 90 சதவீதம் வாயுவாகப் போன கரியின் கணக்கு. நுண்ணுயிர்கள் தின்பதெல்லாம் வாயுவாக வெளியே வருவதில்லை. ஒரு பங்கு அவற்றின் உடம்பாகவும் மக்கிய உரமாகவும் தங்கிவிடும். நாம் சாப்பிடுகிற சோறு முழுக்க மூச்சாகப் போய்விடுவதில்லையே, அப்படி. எனவே மீதி 10 அப்படியே பிளாஸ்டிக் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் 58 டிகிரி கூடத்துக்குத்தான். என் மாடியில் டம்ளரைப் பொறுத்தவரை மீதி நூறு சதவீதம்.

துண்டு கலந்த உரத்தைக் கீரைக்குப் போட்டுட்டேன். சாப்பிடலாமா?

கழுவிச் சாப்பிடுங்கள். தெரிகிற துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். அடுத்த முறை உரத்தைச் சலித்து, சல்லடையில் நின்றதைக் குப்பைக்கு அனுப்புங்கள். அடர்த்தியாக மை அச்சடித்த பை, எதுவென்றே தெரியாத பை இரண்டையும் உண்ணும் செடிக்குப் பக்கத்திலேயே நான் விட மாட்டேன்.

பாக்கு மட்டை, சக்கைத் தட்டு, பேப்பர் கப், டீ பை எல்லாம்?

பாக்கு மட்டையில் பிளாஸ்டிக் இல்லை. வாழப்பாடிப் பக்கத்துத் தோப்புகளில் விழுகிற மட்டையை அச்சில் வைத்துச் சூட்டில் அழுத்துவதுதான். ஊறவைத்துக் கிழித்துப் போட்டால் மூன்று மாதம். சக்கைத் தட்டில் பளபளவென்று மெல்லிய தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டுப் போடுங்கள். பேப்பர் கப்பின் உட்புறம் பாலித்தீனோ பி.எல்.ஏ.வோ பூசியிருக்கும், இரண்டுமே நம் தொட்டியில் அப்படியே நிற்கும். முக்கோண டீ பைகளின் வலை பெரும்பாலும் பி.எல்.ஏ. அல்லது நைலான். கத்திரித்து டீத்தூளை மட்டும் கொட்டுங்கள்.

சரி, வீட்டுல சேந்துபோனதை என்ன பண்றது? பழைய பேப்பர்க்காரரும் வாங்க மாட்டேங்கறார்.

அவர் வாங்காததற்குக் காரணம் உண்டு. பி.எல்.ஏ. டம்ளர் தண்ணீர் பாட்டில் சரக்கோடு கலந்தால் அந்தச் சரக்கே கெட்டுவிடும். நான் பைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறேன், கடைசியில் சமையலறைக் குப்பைக்கூடைக்கு உள்ளுறையாகப் போட்டு, மக்காத குப்பையோடு தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுகிறேன். “மக்கும்னு போட்டிருக்கே?” என்று அவரிடம் வாதாட வேண்டாம். நூறு பைகளில் எது அசல் என்று வண்டியருகே நின்று அவர் எப்படிப் பிரிப்பார்? பெரிய சூடான குவியல் வைத்திருக்கும் தோட்டக்காரர் யாராவது பழக்கமிருந்தால் கேட்டுப் பாருங்கள். என் சித்தப்பாவிடம் கேட்காதீர்கள், டம்ளர் மூடிக்கே அவர் இன்னும் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்.

மாவுப் பைதானே, சோத்தோட மாடு தின்னா பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. மாட்டின் வயிற்றுச் சூடு சுமார் 39 டிகிரி. மேலே எழுதிய எல்லாவற்றையும் அந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

நான் தட்டுவடை செட் கடை வச்சிருக்கேன். நாங்க எதுல கட்டிக் குடுக்கறது?

உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கழுவுகிற எவர்சில்வர் தட்டு. பார்சலுக்கு வாழை இலைத் துண்டு வைத்த தாள், அல்லது சின்னப் பாக்கு மட்டைக் கிண்ணம். தட்டுவடை செட்டில் சட்னியும் துருவின பீட்ரூட்டும்தான் ஈரம், அரை மணி நேரத்துக்கு இலை தாங்கும். டப்பா கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு தட்டுவடை கூடுதலாக வையுங்கள். எங்கள் தெரு முனையில் ஒரு அம்மா அப்படித்தான் செய்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் வரிசையில் பாதிப் பேர் கையில் டப்பா இருக்கும்.